காலி டேங்கில் கால் டேங்க் காட்டும் முள்: 1986 அம்பாசிடர், கானாடுகாத்தான்

கானாடுகாத்தான்_மார்க்4:
வணக்கம். ஐயா 1986இல் புதுசாக எடுத்த அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். நாங்க எல்லாரும் சென்னையில். வண்டி ஊரில், கொட்டகையில். படைப்பு, கல்யாணம், தைப்பூசம் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியே எடுப்போம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவையும் அப்பத்தாவையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினேன். முள் கால் டேங்குக்குக் கொஞ்சம் மேலே நின்றது. 54 லிட்டர் டேங்கில் கால் என்றால் 13 லிட்டர். போய்வர 60 கி.மீ.க்குள்தான், தாராளம் என்று பங்க் பக்கமே போகவில்லை. குன்றக்குடி தாண்டியதும் வண்டி இரண்டு தும்மல் தும்மி நின்றது. கார்புரேட்டரில் குப்பை என்று நினைத்து பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் நோண்டினேன். கடைசியில் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் சொட்டுக்கூட இல்லை. டேங்க் வறண்டு கிடக்கிறது. சாவி போட்டால் முள் நிதானமாக ஏறி அதே காலில் நிற்கிறது. அப்பத்தா புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா இருந்தவரைக்கும் இந்த வண்டி நடுவழியில நின்னதில்லப்பா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

பின்கதை: மூன்று வருஷத்துக்கு முன் முள் எப்போதும் காலி என்று காட்டும் 'ஈ'யிலேயே கிடந்தது. ஒரு பட்டறையில் டேங்க் யூனிட் (டேங்குக்குள் மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவைச் சொல்லும் கருவி) போய்விட்டது என்று புதுசு போட்டார்கள். முள் ஏற ஆரம்பித்தது, ஆனால் சொல்வதை நம்ப முடியவில்லை. இப்போது விசாரித்தால் கேஜையும், அதாவது முள் இருக்கும் மீட்டரையும், மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றலாமா?

புதுவயல்_ஜீப்:
எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை நண்பா. 20 சதவீதம் கலந்து ஊத்துறான். நம்ம பழைய வண்டி தாங்குமா? என் ஜீப்பில் கேஜ் செத்துப் பத்து வருஷம். ஆட்டிப் பார்ப்பேன், சளக் சளக்குன்னு கேட்டா இருக்கு, கேக்கலேன்னா இல்ல.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அம்பாசிடரை எப்படி ஆட்டுவார் என்று அந்த ஜீப்காரரிடம் கேளுங்கள்.

நான் வைத்திருப்பது பத்மினி கார். கேஜை நான் முழுசாக நம்புவதில்லை. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு. ஃபுல் டேங்க் அடித்த அன்று கி.மீ. குறிப்பேன், அடுத்த ஃபுல்லில் எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுவேன். வரவு, செலவு, கையிருப்பு. பேரேடும் ஐந்தொகையும் எழுதின ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்திருக்கக் கூடாது.

பட்டறை_திருமயம்:
கேஜை மாத்தாதீங்க. காசுதான் போகும். முதல்ல யூனிட்டா, வயரா, கேஜான்னு பிரிக்கணும். டேங்க் யூனிட்டுல இருந்து வர்ற ஒத்தை வயரைக் கழட்டுங்க. சாவி போடுங்க. வயர் எதுலயும் படாம இருந்தா முள் கீழ போயி 'ஈ'க்கும் கீழ படுக்கணும். அப்புறம் அதே வயரை பாடியில ஒரு நல்ல இடத்துல தொட வைங்க, முள் மெதுவா 'எஃப்' பக்கம் ஏறணும். ஏறினா வயரும் நல்லாருக்கு, கேஜும் உயிரோட இருக்கு. 'எஃப்' தொட்டதும் எடுத்துருங்க, ரொம்ப நேரம் வைக்க வேண்டாம்.

வயரைக் கழட்டின பிறகும் முள் மேலயே நின்னா நடுவுல எங்கயோ வயர் பாடியில உரசுது. கொட்டகையில நிக்கிற வண்டின்னா நான் முதல்ல எலியத்தான் சந்தேகப்படுவேன். டிக்கி ஓரமா போற வயரைப் பாருங்க, பல் தடம் தெரியும்.

மட்டுறுத்துநர்:
ஒரு குறுக்கீடு. மேலே சொன்ன சோதனையை டேங்க் வாயருகே செய்யாதீர்கள். வயரைத் தொடும்போது சின்னப் பொறி வரும். காலி டேங்க்தானே என்ற தைரியம் வேண்டாம். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் ஆபத்து. வயரை நீட்டித் தூரமாகக் கொண்டுபோய்த் தொடுங்கள். யூனிட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி டெர்மினலை எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், கொட்டகைக்குள் வேண்டாம்.

கானாடுகாத்தான்_மார்க்4:
செய்தேன். நீள வயர் இணைத்து முன்பக்கம் கொண்டுவந்து தொட்டேன். கழற்றியபோது முள் கீழே படுத்தது. பாடியில் தொட்டபோது ஏறியது, ஆனால் 'எஃப்'இல் நிற்கவில்லை. அதையும் தாண்டிப் போய் முட்டுக்கட்டையில் இடித்து நின்றது. பயந்து எடுத்துவிட்டேன். எலித் தடம் எதுவும் இல்லை.

இன்னொன்று. ஃபுல் டேங்க் அடித்தாலும் இப்படித்தான் 'எஃப்'ஐத் தாண்டி நிற்கும். முதல் 100 கி.மீ.க்கு அசையவே அசையாது. அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கும்.

ஓம்_விதி:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எத்தனால். அது பழைய டேங்கின் துருவையும் கசடையும் கிளப்பும், பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், சரி. ஆனால் காலி டேங்கில் முள்ளைக் காலுக்குத் தூக்கிவிட அதற்குத் தெரியாது.

சாவி போட்டதும் முள் குதிக்காமல் நிதானமாக ஏறுகிறது என்றீர்கள். அப்படியானால் உங்களுடையது வெப்பப்பட்டை வகை. இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை, அதைச் சுற்றி நூல் போன்ற கம்பிச் சுருள். கரண்ட் போனால் சுருள் சுடும், பட்டை வளையும், முள் நகரும். டேங்கில் மிதவை மேலே இருந்தால் யூனிட்டின் தடை குறைவு, கரண்ட் அதிகம், முள் மேலே. இந்த வகை யூனிட் ஏறக்குறைய 240 ஓமில் காலி, 20 ஓமில் ஃபுல். (இன்னும் பழைய காந்தச்சுருள் கேஜ் இதற்கு நேர் எதிர், வயரை பாடியில் தொட்டால் முள் 'ஈ'க்குப் போகும். முள் வெடுக்கென்று நகர்ந்தால் அந்த வகை. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்கவும்.)

வெப்பத்தில் ஓடும் கேஜுக்கு வோல்டேஜ் மாறக் கூடாது. பேட்டரி மட்டும் என்றால் 12.5, என்ஜின் ஓடினால் 14. அப்படியே கொடுத்தால் முள் பெட்ரோலைக் காட்டாமல் டைனமோவைக் காட்டும். அதற்காகத்தான் மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி, ஸ்டெபிலைசர், சராசரியாக 10 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். எல்லா வண்டியிலும் இருக்காது, உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். அது பாடியோடு எர்த் ஆகாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் சுடாது, கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட் பிரியாது, 10க்குப் பதில் 14ம் நேராகக் கேஜுக்குப் போகும்.

சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14ஐ 10ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.96. ஏறத்தாழ இரட்டிப்பு. பாதி டேங்க் ஃபுல் மாதிரி தெரியும், ஃபுல் எல்லையைத் தாண்டும். முதல் 100 கி.மீ. முள் அசையாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கருவி இல்லாமலே ஒரு சோதனை. டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும்போது என்ஜினை நிறுத்தி, சாவி மட்டும் போட்டு, ஹெட்லைட்டையும் போட்டு முள் எங்கே என்று பாருங்கள். பிறகு லைட்டை அணைத்து என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். முள் இடம் மாறினால் ஸ்டெபிலைசர் வேலை செய்யவில்லை. டெம்பரேச்சர் கேஜ் எப்படி இருக்கிறது? அதற்கும் அதே பெட்டியிலிருந்துதான் 10 வோல்ட் வரும். சில வண்டிகளில் டெம்பரேச்சர் கேஜ் குழாய் வைத்த வகை, மின்சாரமே கிடையாது, அதை ஒப்பிட்டுப் பயனில்லை.

கானாடுகாத்தான்_மார்க்4:
ஐயா, உடம்பு சிலிர்த்துவிட்டது. டெம்பரேச்சர் போன வருஷத்திலிருந்து மேலேதான் நிற்கிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், தெர்மோஸ்டாட் மாற்றினேன், விசிறி பெல்ட் மாற்றினேன். தண்ணீர் கொதித்ததே இல்லை, முள் மட்டும் மேலே. வயர் வகைதான், குழாய் இல்லை.

ஹெட்லைட் சோதனை செய்தேன். பத்து லிட்டர் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது முள் பாதிக்குப் பக்கத்தில், நிறுத்தி லைட் போட்டால் ஒரு முள் அகலம் இறங்குகிறது!

பட்டறை_திருமயம்:
போன வருஷம் டாஷ்போர்டுல யாராவது கை வச்சாங்களா?

கானாடுகாத்தான்_மார்க்4:
தம்பி கல்யாணத்துக்குப் பாட்டு கேட்க ஒரு ஆடியோ செட் மாட்டினோம். மீட்டரை வெளியே இழுத்துத்தான் வயர் எடுத்தார்கள். அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பட்டறை_திருமயம்:
😄 வண்டிக்காரங்க எல்லாரும் இதைக் கடைசியிலதான் சொல்வீங்க. பெட்டியைப் பிடிக்கிற ஸ்க்ரூ லூசா இருக்கும், இல்ல திரும்பப் போடவே மறந்திருப்பாங்க.

கானாடுகாத்தான்_மார்க்4:
ஸ்க்ரூ இருக்கிறது, பெட்டி அதில் இல்லை. வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப் வேறு சுற்றி வைத்திருக்கிறார்கள், சத்தம் வரக் கூடாதென்று. டேப்பைப் பிரித்து, துருவை உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி இறுக்கினேன். மல்டிமீட்டர் வைத்தால் எண் ஓரிடத்தில் நிற்காமல் 0க்கும் 12க்கும் நடுவே ஆடுகிறது. பெட்டியும் போய்விட்டதா?

ஓம்_விதி:
இல்லை, அதன் குணமே அதுதான். விட்டு விட்டுக் கொடுக்கும், சராசரி 10. டிஜிட்டல் மீட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மல்டிமீட்டருக்குப் பதில் ஒரு சின்ன பல்ப் இணைத்தால் கண்சிமிட்டும். சிமிட்டினால் உயிர் இருக்கிறது. சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் கவலை. அப்போதும் புதுப் பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை. 7810 என்று மூன்று கால் ஐசி, மின்னணுக் கடையில் கிடைக்கும், ஆடாமல் 10 வோல்ட் கொடுக்கும். தகரத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டால் சூடு தாங்கும். பேட்டரியின் மைனஸ் பாடியில் இருக்கும் வண்டிக்கு மட்டும். மிகப் பழைய வண்டிகளில் பிளஸ் எர்த் இருக்கும், அவற்றில் வைத்தால் புகை வரும்.

கானாடுகாத்தான்_மார்க்4:
பல்ப் சிமிட்டுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் பட்ட மனக்கஷ்டம் ஒரு ஸ்க்ரூ.

ஆனால் டேங்கை வடித்துப் பார்த்தேன். வறண்ட டேங்கில் முள் இப்போதும் 'ஈ'க்கு வரவில்லை. காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

ஓம்_விதி:
வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வோல்டேஜ் கூடினால் மேல்பகுதியில்தான் பெரிய பொய், அடியில் சின்னப் பொய். காலி டேங்கில் கால் காட்டியதற்கு ஸ்டெபிலைசர் மட்டும் காரணமாக முடியாது. உங்களிடம் இரண்டு கோளாறு ஒரே முள்ளில் ஏறிக்கொண்டிருக்கிறது. வயரைக் கழற்றி, யூனிட்டுக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள், டேங்க் காலியாக இருக்கும்போதே.

கானாடுகாத்தான்_மார்க்4:
140.

பட்டறை_திருமயம்:
மிதவையைத் தாங்குற கம்பிக் கை முழுசா இறங்கல. மிதவை அடியில தட்டி நின்னுருது, தடை பாதி வழியிலயே நிக்குது. புது யூனிட்டுல கம்பி நீளம் உங்க டேங்க் ஆழத்துக்குப் பொருந்தல. மார்க்கெட்டுல வர்றது பல வண்டிக்குப் பொதுவா அடிச்சது. கழட்டி கையில வச்சு ஆட்டிப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் 20ல இருந்து 240 வரை போச்சுன்னா யூனிட் நல்லது, கம்பியை வளைச்சாப் போதும்.

பழைய யூனிட்டை என்ன பண்ணீங்க?

கானாடுகாத்தான்_மார்க்4:
எங்கள் வீட்டில் ஏதாவது வெளியே போகுமா? ஆத்தாவிடம் கேட்டேன். இரண்டாம் கட்டு அறையில், உடைந்த ஆத்தங்குடிக் கல் அடுக்கியிருக்கும் மூலையில், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருக்கிறது என்றார். இருந்தது. பித்தளை மிதவை, எலுமிச்சம்பழ அளவு. ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்கிறது.

புதுவயல்_ஜீப்:
பாத்தீங்களா, ஆட்டிப் பாக்குறதுதான் முறைன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.

பட்டறை_திருமயம்:
இந்தத் தடவை ஜீப்காரர் சொன்னது சரி. மிதவைக்குள்ள பெட்ரோல் ஏறிருக்கு. ஏறினா மிதக்காது, மூழ்கும், முள் எப்பவும் 'ஈ'. மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க கோளாறு அதுதான். யூனிட்டு போகல, மிதவையில ஊசி முனை ஓட்டை.

ஓட்டையைப் பாக்கணும்னா, தண்ணியைச் சுட வச்சு அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தை வெளிய முற்றத்துக்குக் கொண்டுவந்து மிதவையை முக்குங்க. சூட்டுல உள்ள இருக்கிறது விரியும், ஓட்டை வழியா முத்து முத்தா குமிழ் வரும். பக்கத்துல விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. ஈயம் வச்சு அடைக்கிறேன்னு மட்டும் வீட்டுல இறங்காதீங்க. உள்ள சொட்டு பெட்ரோல் இருந்தாலும் சூடு வச்சா வெடிக்கும்.

கானாடுகாத்தான்_மார்க்4:
குமிழ் வந்தது. இரண்டு பாதியும் சேரும் விளிம்பில், கண்ணுக்கே தெரியாத இடம். ஒன்று, அடுத்தது, பிறகு வரிசையாக. தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் விரிந்தது. வளவுத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "பணியாரம் மாதிரி கொப்புளிக்குதே" என்றார்.

பழைய யூனிட்டின் தடையைப் பார்த்தேன். 22லிருந்து 236 வரை, நடுவில் எங்கும் துள்ளாமல் போகிறது. 1986இல் வந்த அதே யூனிட். அப்படியானால் இதையே திரும்பப் போட்டு, மிதவைக்கு மட்டும் புதுசு தேட வேண்டுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெல்ஜியம் கண்ணாடி கிடைக்கும், எனாமல் தூக்குவாளி கிடைக்கும். அம்பாசிடர் மிதவை கேட்டால் சிரிக்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, புது யூனிட்டில் ஒரு நல்ல மிதவை இருக்கிறதே? அதைக் கழற்றிப் பழைய கையில் மாட்டினால் ஆகாதா?

பட்டறை_திருமயம்:
ஆச்சி சொன்னதுதான் சரி. நான் கம்பியை வளைக்கிறதுலயே நின்னுட்டேன். கம்பி தடிமன் ஒத்துப்போனா மாட்டிரலாம். மிதவை அளவு கொஞ்சம் மாறினா முள்ளும் கொஞ்சம் மாறும், அதுக்கு லேசா வளைச்சாப் போதும்.

யூனிட்டை உக்கார வைக்கும்போது பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு போடுங்க. சுத்தி முழுக்க பசை பூசிடாதீங்க. யூனிட்டுக்கு எர்த் அந்த ஸ்க்ரூ வழியாத்தான். பசையும் துருவும் சேர்ந்தா எர்த் போகும், முள் கம்மியாக் காட்டும். நானா இருந்தா யூனிட் தகட்டுல இருந்து பாடிக்கு ஒரு தனி வயரே போட்டுருவேன்.

கானாடுகாத்தான்_மார்க்4:
முடிந்தது. பழைய யூனிட், புது பிளாஸ்டிக் மிதவை, புது கேஸ்கெட், தனி எர்த் வயர். இன்று காலை ஐந்து லிட்டர் கேனால் அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் பொறுத்து, முள் நின்ற இடத்தைக் கண்ணாடி மேல் ஒட்டிய தாளில் குறித்தேன். வறண்ட டேங்கில் 'ஈ' கோட்டின் மேலேயே. ஐந்தில் கொஞ்சம்தான் அசைந்தது. பத்திலிருந்து ஒழுங்காக ஏறியது. 25இல் பாதிக்கு ஒரு முள் அகலம் கீழே. பிறகு பங்குக்குப் போய் நிரப்பினேன், 'எஃப்'இல் சரியாக நின்றது. திரும்பி வரும்போது ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன், முள் அசையவில்லை. ஆத்தா "ஏம்ப்பா பகல்ல லைட்டு போடுற" என்றார்.

நோட்டும் வாங்கிவிட்டேன் ஆச்சி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு கி.மீ. எழுதியாயிற்று.

தேவகோட்டை ஆச்சி:
நல்லது. அந்த ஓட்டை மிதவையை எறிந்துவிடாதீர்கள்.

கானாடுகாத்தான்_மார்க்4:
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கே போய்விட்டது.

கோட்டையூர்_புதுசு:
அண்ணே, இழை முழுக்கப் படித்தேன். எனக்கும் பழைய டீசல் வண்டி. டீசல் பாதிதான் இருக்கும், முள் முக்காலுக்கு மேல் காட்டுகிறது. டேங்க் யூனிட் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

ஓம்_விதி:
என்ஜினை நிறுத்தி ஹெட்லைட் போட்டால் முள் இறங்குகிறதா?

கோட்டையூர்_புதுசு:
இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

கோட்டையூர்_புதுசு:
இறங்குது.

பட்டறை_திருமயம்:
ஆடியோ செட் எப்ப மாட்டினீங்க?